அண்ணையின் திரையை மூடிய தொப்பி

மிச்சம் (Mitcham), லண்டன்.
ஆவணி முதல் ஞாயிறு.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட குலசேகரம் அண்ணைக்கு,

தம்பி ஸ்ரீஸ்கந்தராஜா மிச்சத்திலிருந்து கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் செல்வமலரும் அவளுடைய முழங்காலும் பிள்ளையார் புண்ணியத்தில் ஓடித் திரிகிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் டயலிசிஸ் மெஷினும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலில் அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். உங்களுடையதையும் அண்ணியுடையதையும் சொன்னேன். மெஷினுக்கு நட்சத்திரம் தெரியாததால் அதை உங்களோடு சேர்த்துவிட்டேன்.

இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் அனுப்புகிறானே, இவனுக்கு என்ன பிடித்தது என்று யோசிப்பீர்கள். வேறு என்ன வழி அண்ணை? டெலிபோன் கோல் எடுத்தால் அடித்து அடித்து ஓய்கிறது. வட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. உங்களிடமிருந்து கடைசியாக வந்தது, அஸ்தி கரைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய ஒரே ஒரு வரிதான்: "நீ அம்மாவை எங்கையடா கொட்டினனீ?" அதற்குப் பிறகு கனடாவில் உங்கள் ஸ்காபரோவிலிருந்து மற்ற ஆட்கள் மூலம்தான் செய்தி வருகிறது. தம்பி அம்மாவின் அஸ்தியை ஏதோ கள்ள இடத்தில் கொட்டினானாம், வெள்ளைக்காரப் பொலிஸ் துரத்தியதாம், பிடிபடாமல் இருக்கக் கமெராவை மூடினானாம், மூத்த பிள்ளையைக் கடைசிக் காரியம் பார்க்க விடவில்லையாம். நீங்கள் சொன்னதாகத்தான் சொல்கிறார்கள். சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைவிடப் பெரிதாகச் சொல்லியிருப்பேன். ஆனால் நடந்தது வேறு, அதை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். வாசித்து முடித்தபின் என்னை எவ்வளவும் திட்டுங்கள். ஒரு மனுசிக்கு மட்டும் மனதுக்குள் நன்றி சொல்லுங்கள். அவர் யாரென்பது போகப் போக வரும்.

அஸ்தி கரைக்க இடம் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். ஐயர் சொன்னது, கடல் நல்லது, சனம் இல்லாத கரை இன்னும் நல்லது, ஐஸ்கிரீம் வான் நிற்கிற இடம் மட்டும் கூடவே கூடாது. போன வருஷம் யாரோ தேவாரத்தின் நடுவில் நிற்கும்போது ஐஸ்கிரீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வர, கொள்ளி வைத்த பேரன் உட்படப் பிள்ளைகள் எல்லோரும் ஓடிவிட்டார்களாம். ஆகவே நான் இன்டர்நெட்டில் இறங்கி, லண்டனுக்குக் கிட்டிய அமைதியான கடற்கரை எது என்று தேடித் தேடி, கடைசியில் தெற்குக் கரையில் 'நேச்சரிஸ்ட் பீச்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். நேச்சர் என்றால் இயற்கை. இஸ்ட் என்றால் அதில் பற்றுள்ளவர், கொம்யூனிஸ்ட் என்பதுபோல. ஆக, இயற்கையில் பற்றுள்ளவர்கள் வந்து பறவை பார்த்து, சங்கு சிப்பி பொறுக்கி, மூச்சை இழுத்து விட்டுவிட்டுப் போகிற இடம் என்று முடிவு கட்டினேன். அந்தப் பக்கத்தில் இருந்த படங்களில் கடல் இருந்தது, கல் இருந்தது, மனிதர் ஒருவர்கூட இல்லை. சனமில்லாத இடம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? உடனே உங்களுக்குக் கோல் எடுத்து, "அண்ணை, ஒரு இயற்கைக் கடற்கரை கிடைச்சிருக்கு" என்றேன். நீங்களும் "அம்மாவுக்கு இயற்கை எண்டால் விருப்பம்தானே" என்று சொல்லி, உங்கள் பக்கத்து உறவு முழுவதற்கும் அறிவித்துவிட்டீர்கள்.

நான் காரை ஓட்ட, செல்வமலர் பின் ஆசனத்தில் அம்மாவின் அஸ்தி இருந்த மண்முட்டியை மடியில் வைத்தபடி வழி முழுவதும் நித்திரை. அவள் விழித்திருந்தால் அந்தச் சொல்லின் பொருளை அங்கேயே சொல்லியிருப்பாள். லண்டன் ஆஸ்பத்திரிகளில் நேர்ஸாக இருந்தவள், அவளுக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் நான் சட்டையையும் கண்ணாடியையும் கழற்றிக் காரில் வைத்தேன். வேட்டி, விபூதி, தர்ப்பை மோதிரம், இவ்வளவுதான் என் கோலம். செல்வமலர் வடைப் பெட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் எடுத்துக்கொண்டு மெதுவாக வர, நான் முட்டியோடும் ஐபாட்டோடும் மடிப்புக் கதிரையோடும் முன்னால் போனேன். வழியில் ஒரு பலகை. கண்ணாடி இல்லாமல் மூக்கை முட்டி வாசித்தேன். உடுப்பு அவரவர் விருப்பம், படம் எடுக்கக்கூடாது என்று இருந்தது. அண்ணை, எனக்கு மேல் புல்லரித்தது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும், உள்ளே படம் எடுக்கக்கூடாது: நல்லூர்க் கோயிலில் சின்ன வயதில் இருந்து நாங்கள் கேட்டு வளர்ந்த சட்டம் அல்லவா? வெள்ளைக்காரனும் கடலைக் கோயிலாக மதிக்கிறானே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சட்டை ஏற்கெனவே காரில். படம் எடுக்கக்கூடாது என்பதை மட்டும், எங்கள் கோயில் வழக்கப்படியே, மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

கரையில் சனம் இருந்தது. தூரத்தில் அங்குமிங்கும் நடந்தார்கள், படுத்துக் கிடந்தார்கள். கண்ணாடி இல்லாத எனக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் குளியலுடுப்புப் போட்டிருப்பதாகத் தெரிந்தது, ஏதோ கிளப் ஆக்கள் என்று நினைத்துக்கொண்டேன். கதிரையை விரித்து, ஐபாட்டைச் சாத்தி, வீடியோ கோலில் உங்களை எடுத்து, கடல் பார்க்க இருத்தினேன். நீங்கள் எங்களையும் கடலையும் பார்க்கவேண்டும், நாங்களும் உங்களைப் பார்க்கவேண்டும், மூத்த பிள்ளை முன்வரிசையில் இருக்கவேண்டும் என்பது என் யோசனை. அங்கே உங்களுக்கு விடியற்காலை. இரவு முழுவதும் மெஷினில் கிடந்து, கையில் குழாய் கழற்றாமல், மேலில் ஒரு துணியும் இல்லாமல், தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். முகம் வீங்கி இருந்தது. "கடல் தெரியுது. கொஞ்சம் இடப்பக்கம் திருப்படா" என்றீர்கள். திருப்பினேன். இடப்பக்கம் திருப்பியிருக்கக்கூடாது அண்ணை.

பின்னால் செல்வமலர் வந்து சேர்ந்த சத்தம் கேட்டது. அவளிடம் கண்ணாடி இருந்தது. "இஞ்சை பாருங்கோ" என்று வழக்கம்போல என்னைக் கூப்பிட்டாள். பிறகு அவசரமாக, "இல்லை, பாராதேங்கோ" என்றாள். கல்யாணம் செய்த நாளில் இருந்து "இஞ்சை பாருங்கோ" என்று கூப்பிட்டவள் "பாராதேங்கோ" என்றால் மனிதன் என்ன செய்வான்? பார்த்தேன். ஒரு கணவனும் மனைவியும் நாய்க்குட்டியோடு கிட்ட வந்துகொண்டிருந்தார்கள். மூவரில் நாய்தான் கழுத்துப் பட்டி என்று ஏதோ ஒன்று போட்டிருந்தது.

நேச்சரிஸ்ட் என்றால் உடுப்பில்லாமல் திரிபவர் என்று அப்போதுதான் விளங்கியது. நான் உடனே வானத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? இடப்பக்கம் பார்க்க ஏலாது, வலப்பக்கம் பார்க்க ஏலாது, கீழே பார்த்தாலும் யாராவது என் காலடியில் படுத்திருந்தால் என்ன செய்வது என்ற பயம். ஆகவே அண்ணாந்தபடி நின்றேன். அதுவே வினையாகிவிட்டது. அந்த ஆக்களுக்கு ட்ரோன் என்று ஒரு பெரிய தொல்லையாம். எங்கிருந்தோ பொறுக்கிகள் சின்ன ஹெலிகொப்டர் மாதிரி ஒன்றை அனுப்பி மேலே இருந்து படம் பிடிப்பார்களாம். வேட்டி கட்டிய ஒருவன் வானத்தை உற்றுப் பார்க்கிறான் என்றதும் ஒரு பெண் "ட்ரோன்!" என்று கத்த, கரை முழுவதும் உடம்பை மூடத் துவாயைத் தேடி ஓடத் தொடங்கியது. ஓடிய ஒருவர், பெயர் கீத், பெரிய வயிறு, ஓய்வுபெற்ற பிளம்பர், மேலே ஒன்றையும் காணாமல் கீழே பார்க்க, கதிரையில் ஐபாட் இவரையே பார்த்துக்கொண்டு இருக்கிறது. "அந்தச் சனியனை மூடடா!" என்கிற கருத்தில் இங்கிலீஷில் ஒரு சத்தம் போட்டார். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான். பொலிஸ் என்று நினைத்தீர்கள். பொலிஸுக்கு உடுப்பு உண்டு அண்ணை.

அப்போதுதான் மொறீன் என்ற மனுசி வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். தலையில் அகலமான வைக்கோல் தொப்பி, மூக்கில் வெள்ளைக் கிரீம். மற்றதை நான் எழுதமாட்டேன், பார்க்கவும் இல்லை, அவர் தொப்பியோடு நின்ற நேரம் முழுவதும் அதில் இருந்த நீல நாடாவையே பார்த்தேன், அதன் முடிச்சை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். அவர் முதலில் என்னிடம் வரவில்லை. கதிரைக்கு முன்னால் போய் நின்று உங்களைப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். அந்த ஒரு நொடியில் நீங்கள் என்ன கண்டீர்கள் என்று நான் கேட்கமாட்டேன், நீங்களும் அண்ணியிடம் சொல்லவேண்டாம். மொறீன் உங்கள் கையில் இருந்த குழாயைப் பார்த்தார், வீங்கிய முகத்தைப் பார்த்தார், திரும்பிச் சுற்றிலும் நின்ற சனத்தைப் பார்த்தார், தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி ஐபாட்டின் மேல் வைத்தார். உங்கள் திரை இருண்டது அதனால்தான்.

இதை இன்னொருமுறை எழுதவேண்டும்போல் இருக்கிறது. அந்த மனுசி உடுத்தியிருந்தது அந்தத் தொப்பி ஒன்றுதான். அதைக் கழற்றி உங்களை மூடினார்.

பிறகு என்னிடம் திரும்பிக் கதைத்தார். இங்கிலீஷில் சொன்னதை எங்கள் ஊர்க் கதையிலேயே எழுதுகிறேன், உங்களுக்கு வாசிக்க இதமாக இருக்கும். "அந்த மனுசன் ஆர்?" என்றார். என் அண்ணை என்றேன். "சுகமில்லாமல் கிடக்கிறார். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை தன்ரை படுக்கையைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியள் எண்டு அவருக்குத் தெரியுமோ? அவரைக் கேட்டனீங்களோ?" நான் அவர்களைப் படம் எடுத்தேன் என்றுதான் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க இங்கிலீஷில் வசனம் கட்டிக்கொண்டு நின்றேன். "நாங்கள் எங்கடை விருப்பத்திலை இப்பிடி நிக்கிறம்," என்றார் மொறீன். "அவர் தன்ரை விருப்பத்திலையோ அப்பிடிக் கிடக்கிறார்?" செல்வமலர்தான் முன்னால் வந்து அம்மா யார், முட்டி எது, அண்ணை ஏன் வர ஏலாமல் போனது, மூத்த பிள்ளை பார்க்காமல் இந்தக் காரியம் செய்தால் எவ்வளவு மனக்கஷ்டம் என்று எல்லாம் விளங்கப்படுத்தினாள். அவள் ஏதோ வார்ட்டில் அடுத்த நேர்ஸிடம் நோயாளியைப் பாரம் கொடுக்கிற மாதிரி, எதிரில் நிற்பவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் கதைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, தொப்பி ஐபாட்டின் மேல் போய்விட்டபடியால் அந்தப் பெருமையையும் வானத்தைப் பார்த்தே பட்டேன்.

இப்போது அந்த ஆக்கள் செய்ததைக் கேளுங்கள். மொறீன் கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். கடல் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரிக் கமெராவை வைக்கிறோம், ஒருவரும் அதற்கு முன்னால் போகக்கூடாது, ஆனால் யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் இல்லை, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஒவ்வொருவராகக் கேட்டார். நாய் வைத்திருந்தவர்களைக் கேட்டார், ட்ரோன் என்று கத்திய பெண்ணைக் கேட்டார், படுத்திருந்து புத்தகம் வாசித்த ஆளைத் தட்டி எழுப்பிக் கேட்டார். எல்லோரும் சம்மதம். கீத் முகம் சிவந்து, கத்தியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கள் துவாய்களை எல்லாம் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பிடித்து நின்றார்கள், நடுவில் கடல் மட்டும் தெரிய. உடுப்பில்லாத ஆக்கள், கையில் இருந்த துவாயைத் தாங்கள் சுற்றாமல், உங்களுக்குக் கடல் காட்டுவதற்காகப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றார்கள் அண்ணை. அப்போது மொறீன் சொன்னார்: "இனி அவரை முதலிலை கேளுங்கோ. இஞ்சை ஆக்கள் நிக்கினம், உங்களைக் காட்டலாமோ எண்டு கேட்டுப்போட்டுத் தொப்பியை எடுங்கோ."

தொப்பிக்குக் கீழே நீங்கள் ஏற்கெனவே கோலை வெட்டியிருந்தீர்கள். திரும்ப எடுத்தேன். அடித்தது. இன்னொரு தரம் எடுத்தேன். துவாய் பிடித்தவர்கள் கை மாற்றத் தொடங்கினார்கள், கடலும் பின்வாங்கத் தொடங்கியது. "அவருக்குக் கோபம்" என்று செல்வமலர் மொறீனிடம் சொன்னாள். "எனக்கும் ஒரு அண்ணை இருந்தவர்" என்றார் மொறீன். போனிலாவது ஒரு படம் எடுத்து வைப்போமா என்று நான் கேட்டேன். செல்வமலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மாமி ஒருநாளும் பல்லுக் கட்டாமல் படம் எடுக்க விட்டவவோ? ஆஸ்பத்திரியிலை கடைசி நேரம் பல்லைக் கழட்டி வைச்சிருக்க, வந்த ஆக்கள் எல்லாரும் எடுத்து அனுப்பினவை. சீலைத் தலைப்பைத் தேடித் தேடிக் கையைத் தூக்கினவ, வாயை மூட ஏலாமல் போச்சு. இண்டைக்காவது மனுசியை நிம்மதியாப் போக விடுங்கோ." அம்மா படத்துக்கு நிற்கும்போது எப்போதும் தலைப்பால் வாயை மறைப்பாவே, நினைவிருக்கிறதா? ஆகவே ஒரு படமும் எடுக்கவில்லை. எடுக்காதது உங்களிடமிருந்து மறைக்க அல்ல, தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கத்தைக் கரையில் மணல் இல்லை, முழுவதும் கூழாங்கல், அதுவும் திடீரென்று சரிந்து ஆழமாகிறது. இரண்டு அடி வைத்ததும் நான் முட்டியோடு ஆடினேன். கீத்தும் இன்னொருவரும் வந்து இரண்டு பக்கமும் என் முழங்கையைப் பிடித்தார்கள். முதலில் கீத், "நாங்கள் உடுப்புப் போட்டுக்கொண்டு வரவோ, மரியாதைக் குறைவாப் போயிடுமோ" என்று செல்வமலரிடம் கேட்டார். "மாமியைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டினது நான்தான். உடம்பைக் கண்டு அவ கோவிக்கமாட்டா. தண்ணி குளிரப்போகுது, கெதியாப் போங்கோ" என்றாள் அவள். இரண்டு பக்கமும் உடுப்பில்லாத வெள்ளைக்காரர், நடுவில் நான், பிரான்ஸ் இருக்கிற திசையை மட்டும் பார்த்தபடி கடலில் இறங்கினேன். தண்ணீர் பனிக்கட்டி. இடுப்பளவுக்கு வந்ததும் தேவாரம் தொடங்கினேன். நீங்கள் பாடவேண்டிய தேவாரம். இரண்டாவது அடியில் குரல் உடைந்துவிட்டது அண்ணை, அம்மா எங்களை இருத்தி வைத்துப் பாடப் பழக்கிய அதே இடத்தில். அழுதேன், மறைக்கவில்லை. கீத் என் முழங்கையை விடாமல் நின்றார். கரையில் ஒருவரும் அசையவில்லை.

முட்டியைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் சரித்தேன், திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் காற்று எந்தப் பக்கம் என்றும் பார்க்கவில்லை. காற்று கரையில் இருந்து வந்தது. அம்மாவில் பெரும்பங்கு கடலுக்குப் போனது. ஒரு பங்கு கீத்தின் மேல் போனது. அவர் வெயிலுக்குக் கிரீம் பூசி மினுங்கிக்கொண்டு நின்றவர், தோளில் இருந்து வயிறு வரை சாம்பல் ஒட்டிக்கொண்டது. கோயிலில் விபூதி அள்ளிப் பூசினவர் மாதிரி நின்றார். வேறு ஆள் என்றால் தட்டிவிட்டுக் கத்தியிருப்பான். கீத் மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லிய குரலில், "இப்ப கழுவலாமோ, இல்லாட்டி நீங்கள் முடிக்குமட்டும் பொறுக்கவோ?" என்று கேட்டார். பொறுங்கள் என்றேன். பொறுத்தார். "அவவின்ரை பேர் என்ன?" என்று கேட்டார். நேசரத்தினம் என்றேன். நான் தேவாரத்தை முடித்தபின், "போயிட்டு வாங்கோ, நேசா" என்கிற கருத்தில் ஒரு வார்த்தை சொல்லி, தலையோடு மூழ்கி எழுந்தார். மூத்த பிள்ளை இல்லாத குறைக்கு அம்மாவைக் கரைத்தவர் பட்டியலில் ஒரு பிளம்பரும் இருக்கிறார் என்று உறவுக்காரரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் சரி.

அடுத்ததாக நான் மூழ்கி எழுந்தபோது ஒரு பெரிய அலை வந்து என் வேட்டியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எழுத விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். எங்கள் சொந்தக்காரி ரஜனியின் மகளின் கல்யாணத்தில், ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில், மணவறைப் படியில் நான் வழுக்கி விழுந்தேனே, நான் எழும்ப முதலே அந்த வீடியோ கனடாவில் உங்கள் கைக்கு வந்து, நீங்கள் சிரித்தபடி கோல் எடுத்தீர்களே. அத்தனையும் பட்டு வேட்டியும் கோட்டும் போட்ட எங்கள் சனம். இங்கே நான் கடலுக்குள் கையால் பொத்திக்கொண்டு நிற்க, அந்தக் கரை முழுவதும் ஒரே நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பியது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மொறீன் ஒரு துவாயை எடுத்து, பின்பக்கமாகவே நடந்து தண்ணீருக்குள் வந்து, என்னைப் பார்க்காமலே கையை நீட்டித் தந்தார். பார்த்த ஒரே ஆள் செல்வமலர். வடைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். அம்மா போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான் அண்ணை. அதற்காகவே இன்னொரு வேட்டியையும் கடலுக்குக் கொடுக்கலாம்.

பிறகு எல்லோரும் இருந்து வடை சாப்பிட்டோம். மொறீன் இரண்டு சாப்பிட்டு, என்ன பருப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கீத் மிளகாய் கடித்துக் கண் கலங்கி, அதையும் சாப்பிட்டு முடித்தார். நான் துவாயோடு அவர்கள் நடுவில் இருந்தபடி, அங்கே அதிகம் உடுத்தியிருந்த ஆண் நான்தான் என்று கூச்சப்பட்டேன். வாழ்நாளில் இப்படி ஒரு கூச்சம் வருமென்று நினைக்கவில்லை.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை அண்ணை, நன்றிதான் மனம் முழுவதும் இருக்கிறது. பிழையான கடற்கரைக்குப் போயிருக்காவிட்டால் அம்மாவின் கடைசிப் படம் இன்னொரு தரம் அத்தனை போன்களுக்கும் போயிருக்கும், நீங்கள் குழாயோடு கிடந்த கோலமும் கூடவே போயிருக்கும். திரையை மூடினது உங்களைத் தள்ளி வைக்க அல்ல. உங்களை ஒரு மனிதனாகப் பார்த்துத்தான் மொறீன் மூடினார். அந்தக் கடற்கரையின் பெயரை மட்டும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அது அவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். வைரவரும் பிள்ளையாரும் உங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நிற்கட்டும். உடம்பு தேறி, நீங்களே ஒருநாள் அந்தத் தண்ணீரில் கால் நனைக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். கால் மட்டும் போதும்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
ஸ்ரீ.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மனது உறுத்தியது. ஆளைக் காட்ட முதல் ஆளைக் கேட்கவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடிதத்தில் எல்லோரையும் கேளாமல் காட்டியிருக்கிறேனே என்று. ஆகவே கேட்டேன். மொறீன் போனில், தாராளமாக எழுதுங்கள், வடை செய்முறையும் அனுப்புங்கள் என்றார். கீத் தன் வயிற்றைப் பெரிதென்று எழுதவேண்டாம் என்றார், தயவுசெய்து அந்த இடத்தை நடுத்தரம் என்று வாசியுங்கள். செல்வமலர் முழுக் கடிதத்தையும் வாசித்துவிட்டு, தன்னைப் பற்றி எழுதியது ஒன்றும் இருக்கக்கூடாது என்றாள். அவளை எடுத்தால் கடிதத்தில் மிஞ்சுவது நானும் நாயும்தான். அதோடு நிற்கவில்லை. "கனடா அத்தானைக் குழாயோடை, வீங்கின முகத்தோடை எழுதி வைச்சிருக்கிறியள். அவரைக் கேட்டனீங்களோ?" என்றாள். கேட்கவில்லை. ஆகவே அண்ணை, மேலே உள்ள ஒன்றையும் நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி எழுதலாமோ, உங்களுக்கே காட்டலாமோ என்று உங்கள் வாயால் எனக்குத் தெரியவேண்டும். ஓம் என்றாலும் சரி, ஏலாது என்றாலும் சரி, இரண்டு ஏச்சு ஏசினாலும் சரி, ஒருக்கா கோல் எடுங்கோ. வீடியோ வேண்டாம். குரல் போதும்.